குண்டு போன தூரம்

1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் அதில் சேர்த்தி. கடலூர்ப் பக்கத்துக் குண்டு உப்பலவாடிக்குப் பேர் வந்த கதை அதுதான். “வைஃபை எவ்வளவு தூரம் எடுக்கும்ணே?” என்று புதுவீடு கட்டுகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குண்டு ஞாபகம் வரும்.

நான் வயர்மேன். மஞ்சக்குப்பத்தில் தொழில் கற்ற காலத்தில் சுவர்மேல் தேக்கு ரீப்பர் அடித்து, கிளிப் மடித்து வயர் ஓட்டுவோம். பழுது எங்கே என்று பார்த்தாலே தெரியும். பிறகு சுவரில் காடி வெட்டி, பிவிசி பைப்பைப் புதைத்துப் பூசும் வழக்கம் வந்தது. டெலிபோனுக்கு மட்டும் நிலைக்கட்டையில் ஓட்டை. கேபிள் டிவிக்கு ஜன்னல் சந்து.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் அந்த டெலிபோன் கம்பியிலேயே வீட்டுக்குள் வந்தது. அதே மாதம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு உரிமம் வேண்டாம் என்று அரசு விதி செய்தது. வீட்டில் வைஃபை வைக்க வழி திறந்தது. இனி வயரே வேண்டாம் என்று எல்லோரும் பேசினார்கள். நானும் நம்பினேன்.

நம்பித்தான் சிதம்பரத்தில் ஒரு மாடிவீட்டுக்கு லேன் பைப் போடாமல் விட்டேன். 2020இல் அந்த வீட்டுப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து ஆன்லைன் பாடம் கேட்டாள். ரவுட்டர் கீழே ஹாலில். நடுவே கம்பி கட்டிய காங்கிரீட் தளம். அலை அவள் அறைக்கு ஏறவே இல்லை. காசு வாங்காமல் காடி வெட்டிக் கொடுத்தேன். ஒட்டுப்போட்ட பூச்சின் நிறம் இன்னும் சேரவில்லை.

இப்போதெல்லாம் சென்ட்ரிங் அடிக்கும்போதே போய் நிற்கிறேன். தளத்துக்குள் ஒரு அங்குல பைப், கரண்ட் பைப்பை ஒட்டாமல். மாடிப்படி அடியில் ஒரு பெட்டி. அங்கிருந்து அறைக்கொரு கேட் 6 வயர். அது நூறு மீட்டர்வரை ஒரு கிகாபிட் தாங்கும். நம் வீடுகளுக்குத் தாராளம். வைஃபைக்கு மாடிக் கூரையில் தனியாக ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதற்கும் கீழிருந்து வயர்.

கூடவே ஒரு காலிப் பைப், உள்ளே நைலான் கயிறு மட்டும். “வெறும் பைப்புக்கும் காசாண்ணே?” என்பார்கள். அந்தப் பெண் உட்கார்ந்த படியைச் சொல்வேன்.