வாக்குறுதியாகும் இரக்கம்: அந்நியரை ஏற்கும் கிறித்தவ அறமும் மொன்றியலின் வில்லரேயும்

அந்நியருக்கு இரங்குவதைத் தன் மெய்ம்மையைச் சோதிக்கும் அளவையாகவே கிறித்தவ விசுவாசம் ஏற்றிருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் இறுதித் தீர்ப்பை விவரிக்கையில், வழிபாட்டையோ கோட்பாட்டு அறிவையோ கணக்கில் எடுக்காமல், பசித்தவருக்கு உணவளித்தல், அந்நியரை ஏற்றுக்கொள்ளுதல் போன்ற இரக்கச் செயல்களைச் செய்தவர்களையே நீதிமான்கள் என அழைக்கிறது. அந்த அந்நியரின் உருவில் வந்தவர் கிறித்துவே என்றும் சொல்கிறது. இரங்க வேண்டும் என்பதில் திருச்சபைக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அந்த இரக்கம் எவ்வடிவம் பெறவேண்டும் என்பதே கேள்வி. இரக்கமானது காலமும் செலவும் பொறுப்பும் வரையறுக்கப்பட்ட வாக்குறுதியாகத் தன்னைக் கட்டிக்கொள்ளும்போதே அது விசுவாசத்தின் முழு வெளிப்பாடாகிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அகதிகளுக்கான ஆதரவுப் பணிகள் பல பத்தாண்டுகளாக நடைபெற்ற வில்லரே என்ற மொன்றியல் பகுதியையும் கனடாத் திருச்சபைகளின் அண்மைக்கால வரலாற்றையும் அதற்குச் சான்றாகக் கொள்கிறது.

1. சாவடியில் தரப்பட்ட உறுதி

லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியர் உவமையில், காயமுற்றவர்மீது சமாரியர் பரிவு கொண்டதும் அவருடைய காயங்களுக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டியதுமே பெரும்பாலும் விளக்கப்படுகின்றன. அதற்குப் பின்வரும் பகுதி குறைவாகவே கவனம் பெறுகிறது. மறுநாள் அவர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம், அதாவது ஒரு கூலியாளின் ஏறத்தாழ இரண்டு நாள் ஊதியம், கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக உறுதியளித்துப் போகிறார். அவருடைய பரிவு, அவர் அங்கே இல்லாத நாள்களிலும் காயமுற்றவரைக் காக்கும் கடப்பாடாக இவ்வாறு மாறுகிறது. அந்தச் செலவின் அளவு முன்கூட்டித் தெரியாது என்பதும், உதவி பெறுபவர் எந்த இனத்தவர், எந்தச் சமயத்தவர் என்று கேட்கப்படவில்லை என்பதும் இவ்வுறுதியின் இரு முக்கியமான இயல்புகள்.

இக்கடப்பாட்டை யார் சுமப்பது என்ற கேள்வி நான்காம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. செசரியாவின் ஆயர் பசிலியார் 370ஆம் ஆண்டையொட்டி, ஏழைகளும் நோயாளிகளும் வழிப்போக்கரும் தங்குவதற்குப் பெரியதொரு இல்லத் தொகுதியை நிறுவினார். கொன்ஸ்தாந்தினோப்பிளில் பேராயராக இருந்த யோவான் கிறிசோஸ்தோம் ஆலயத்தின் விடுதியை மறுக்கவில்லை. எனினும், விடுதி இருக்கிறது என்பதைக் காரணமாக்கி விசுவாசிகள் தங்கள் கடமையைக் கைவிடலாகாது என்றும், ஒவ்வொருவரும் தம் வீட்டில் அந்நியருக்கென ஓர் அறையை ஒதுக்கவேண்டும் என்றும் மறையுரையில் வலியுறுத்தினார். நிறுவனத்தின் உறுதியும் தனிமனிதரின் நெருக்கமும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது தெளிவாகிறது.

திருக்குறளும் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்து, அதை இல்வாழ்வின் நோக்கமாகவே காண்பதால், இவ்வறத்தின் ஒரு பாதி தமிழ் வாசகருக்குப் புதிதன்று. ஆயினும் விருந்தினர் சில நாளில் தம் ஊருக்குத் திரும்பக்கூடியவர். அகதிக்கோ திரும்பிச் செல்ல ஊர் இல்லை. ஒரு வேளை உணவோடு முடியாத தேவையுடன் வருபவரை ஏற்பதற்கு, ஒரு வேளைக்கு அப்பால் நீளும் உறுதி இன்றியமையாதது.

2. கையொப்பமிட்ட ஓராண்டு

கனடாவில் இவ்வுறுதி சட்ட வடிவம் பெற்றது. புலம்பெயர் தமிழர் ‘ஸ்பொன்சர்’ என வழங்கும் தனியார் பொறுப்பேற்பு முறையில், குடிமக்கள் குழுவோ திருச்சபையோ ஓர் அகதிக் குடும்பத்தின் உறைவிடம், உணவு, உடை, புதிய சமூகத்தோடு இணைதல் ஆகியவற்றுக்குப் பொதுவாக ஓராண்டுக் காலம் பொறுப்பேற்பதாக அரசிடம் எழுத்தில் உறுதியளிக்கிறது. இதற்கான முதல் நிறுவன ஒப்பந்தத்தில் 1979 மார்ச்சில் கையொப்பமிட்டது மெனோனைற் மத்திய குழு என்ற கிறித்தவ அமைப்பாகும். அடுத்து 1980 இறுதிக்குள் கனடாவுக்கு வந்த ஏறத்தாழ 60,000 இந்தோசீன அகதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இத்தகைய பொறுப்பேற்பின் வழியே குடியேறினர். அகதிகளுக்கு ஆற்றிய பணிக்காக ஐக்கிய நாடுகளின் நான்சன் பதக்கம் 1986இல் கனடா மக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்டது.

வியட்நாமியப் படகு அகதிகளின் துயரே இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே 1980 நவம்பரில் இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கக் காரணமாயிற்று. அகதியோடு உடன் நிற்றல், அவருக்குப் பணி செய்தல், அவருக்காக வாதாடுதல் என்ற மூன்றையும் அது தன் கடமைகளாக வரையறுத்துக்கொண்டது. அதன் கனடாப் பிரிவு, வில்லரேயின் ஜாரி வீதியில் இருந்த பெல்லார்மின் இல்லத்திலிருந்து பொறுப்பேற்புப் பணியை நடத்தி வந்தது. 1984 செப்டம்பர் 11 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெருந்திரளான மக்களுக்குத் திருப்பலி நிறைவேற்றிய ஜாரி பூங்கா இவ்வில்லத்துக்கு அருகிலேயே உள்ளது. பூங்காவுக்கு மேற்கே தெற்காசியக் குடியேறிகள் செறிந்து வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனும், வில்லரேக்குக் கிழக்கே ஹெய்ற்றி நாட்டவர் பெருமளவில் குடியேறிய சேன்-மிஷேலும் அமைந்துள்ளன. 1960களின் ‘அமைதிப் புரட்சி’ என்ற சமூக மாற்றத்தில், மொன்றியல் அமைந்துள்ள கியூபெக் மாகாணத்தின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் திருச்சபையின் கையிலிருந்து அரசுக்கு மாறின. ஆலயங்களில் மக்கள் கூட்டமும் குறைந்தது. அத்தகைய சூழலில் விசுவாசத்தின் பொது முகம், பூங்காவில் கூடிய பெருங்கூட்டத்தைவிட, விண்ணப்பப் படிவங்களை நிரப்பி, வாடகை வீடு தேடி, குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும் இத்தகைய பணிகளிலேயே தொடர்ச்சியாக வெளிப்பட்டது என்று கருதலாம்.

3. தயவிலிருந்து உரிமைக்கு

தனியார் பொறுப்பேற்புக்கும் ஓர் எல்லை உண்டு: பொறுப்பேற்க ஆள் கிடைக்காமல், தானே வந்து கதவைத் தட்டுபவருக்கு அது உதவாது. இங்கேதான் இயேசு சபை அகதிகள் பணி வரையறுத்த மூன்றாம் கடமையான வாதாடுதல் பொருள் பெறுகிறது. அகதிக் கோரிக்கையாளருக்கு நேரடி விசாரணை மறுக்கப்பட்டதை எதிர்த்த, பெரும்பாலும் சீக்கியர்கள் மேன்முறையீடு செய்த ‘சிங்’ வழக்கில், சீக்கிய அமைப்பொன்றுடன் கனடாத் திருச்சபைகள் மன்றமும் தலையிட்டு வாதாடியது. 1985 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகளில் மூவர் உரிமைகள் சாசனத்தின் 7ஆம் பிரிவையும் ஏனைய மூவர் 1960ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டத்தையும் ஆதாரமாகக் கொண்டு, நேரடி விசாரணை தேவை என ஒருமித்த முடிவு வழங்கியது. 1983 வன்செயல்களுக்குப் பின் ஈழத்திலிருந்து தப்பி வந்த தமிழர்கள் தங்கள் கதையைத் தாமே எடுத்துரைக்க வழி திறந்ததில் இத்தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூபவுண்ட்லாந்துக் கடற்பரப்பில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டனர். ஆனால் மீட்கப்பட்டவர் மறுநாள் திருப்பியனுப்பப்படாமல் இருக்க, மீட்பவரின் நல்லுள்ளத்தோடு சட்டத்தின் காப்பும் வேண்டும்.

கனடாத் திருச்சபைகள் மன்றம், அமெரிக்காவுடனான ‘பாதுகாப்பான மூன்றாம் நாடு’ ஒப்பந்தத்தையும் நீதிமன்றத்தில் எதிர்த்தது. முதலில் வந்தடைந்த நாட்டிலேயே புகலிடம் கோரவேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் சாரம். 2023 ஜூன் 16இல் உச்ச நீதிமன்றம் 7ஆம் பிரிவு மீறப்படவில்லை என்று கூறி, சமத்துவம் பற்றிய கேள்வியைக் கீழ் நீதிமன்றத்தின் ஆய்வுக்குத் திருப்பி அனுப்பியது. வெற்றி உறுதியில்லாத வழக்கிலும் தொடர்ந்து நிற்பது, செலவின் அளவு தெரியாமலே சமாரியர் கொடுத்த உறுதியின் தன்மையை உடையது.

4. மறுப்புகளும் முடிவும்

கட்டாயமாகிவிட்ட அன்பு அன்பாகாது என்பது ஒரு மறுப்பு. ஆனால் திருமணமும் துறவற வார்த்தைப்பாடும், அன்பு தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வதால் ஆழம் பெறுகிறது என்பதைக் கிறித்தவ மரபுக்குள்ளேயே காட்டுகின்றன. பொறுப்பேற்பவர் மேலாளராகவும் அகதி கடன்பட்டவராகவும் ஆகிவிடுவர் என்ற இரண்டாம் மறுப்பு இன்னும் வலிமையானது. நன்றிக்கடனால் வாய்மூடி இருக்கவும் சிலவேளை சமயம் மாறவும் அகதி நெருக்கப்படலாம். இதற்கு விடை எழுதப்பட்ட உறுதியிலேயே உள்ளது. பொறுப்பின் எல்லையும் காலமும் முன்கூட்டி வரையறுக்கப்படும்போது, அதைப் பெறுபவர் இரந்து நிற்பவராக இல்லாமல் உரிமையோடு கேட்பவராகிறார். சமயத்தை நிபந்தனையாக்கும் உதவியோ, சீக்கியருக்காகத் திருச்சபைகள் வாதாடிய மரபுக்கே முரணானது.

எனவே அந்நியருக்கான கிறித்தவ இரக்கத்தை, கொடுப்பவரின் மனம் எவ்வளவு உருகியது என்பதைக்கொண்டு மதிப்பிடுதல் போதாது. அவரது உருக்கம் தணிந்த பின்னும் பெறுபவர் எதை நம்பி வாழலாம் என்பதே அதன் அளவு. உடன் நிற்கும் தனிமனிதர், உறுதியைச் சுமக்கும் நிறுவனம், உரிமையைக் காக்கும் சட்டம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்நியர் மீண்டும் பிறர் தயவை நம்பும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். மூன்றையும் ஒருங்கே பேணுவதே இன்றைய திருச்சபைகள்மீது இருக்கும் விசுவாசக் கடமையாகும்.