பின்னால் வருபவர் யார்?



நாம் எந்த மாநிலத்தில் குடியேறி வாழ்ந்தாலும் ஒரு காட்சி மட்டும் மாறுவதில்லை. சந்தைத் தெருவில் ஒரு லாரி பின்னோக்கி நகர்கிறது. வண்டியிலிருந்து குதித்து இறங்கிய கிளீனர் பின்புறம் நின்று, கையால் தகரத்தைத் தட்டிக்கொண்டே குரல் கொடுக்கிறார். நம் ஊரில் "வரலாம், வரலாம்" என்று கேட்ட அதே குரல், டில்லியில் "ஆனே தோ, ஆனே தோ" என்று கேட்கிறது. மொழி வேறாயினும் பொருள் ஒன்றே. ஓட்டுநருக்குப் பின்புறம் தெரியவில்லை. ஆகவே மற்றொருவர் தம் கண்களை அவருக்கு இரவல் தருகிறார்.

இந்த இரவல் கண்களின் இடத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைக்கலாம் என்று மனிதன் எப்பொழுது எண்ணினான்? அக்கண்ணாடி முதன்முதலில் யாருடைய நன்மைக்காக வைக்கப்பட்டது? இன்று அது யாருக்காக இருக்கிறது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

மோட்டார் வண்டி தோன்றிய புதிதில் பின்னால் பார்க்க வேண்டிய தேவை அவ்வளவாக எழவில்லை. சாலையில் வண்டிகள் குறைவு, வேகமும் குறைவு. பெரும்பாலான வண்டிகள் திறந்தவையாகவே இருந்தமையால், தலையைத் திருப்பினால் எல்லாம் தெரிந்தது. நகரங்களில் வண்டிகள் பெருகிய பிறகே இடர் புலப்பட்டது. பின்னால் பார்க்கத் திரும்புகிற அந்த ஒரு நொடியில், முன்னால் இருப்பது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இதற்கு எளியதொரு வழியை நூலில் எழுதிவைத்தவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. டாரதி லெவிட் என்பது அவர் பெயர். பெண்கள் மோட்டார் ஓட்டுவதையே வியப்பாகக் கருதிய காலத்தில், 1906-ஆம் ஆண்டு பிளாக்பூல் நகரில் மணிக்கு 90 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் கார் ஓட்டிக் காட்டியவர் அவர். 1909-ல் பெண்களுக்கென அவர் வெளியிட்ட மோட்டார் நூலில், காரில் ஒரு கைக்கண்ணாடியை வைத்திருக்கும்படி அறிவுரை கூறுகிறார். முகம் திருத்துவதற்கு மட்டுமன்று; போக்குவரத்து மிகுந்த தெருவில் ஓட்டும்போது அதை அவ்வப்போது உயர்த்திப் பிடித்தால் பின்னால் வருவது தெரியும் என்கிறார். முகம் பார்க்கும் கண்ணாடி, சாலை பார்க்கும் கண்ணாடியாக மாறிய கதை இவ்வாறு ஒரு பெண்ணின் அனுபவ அறிவோடு இணைந்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் காட்சி அமெரிக்காவுக்கு மாறுகிறது. 1911-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், இண்டியானாபொலிஸ் நகரில் முதலாவது 500 மைல் பந்தயம் நடைபெற்றது. நாற்பது கார்கள் கலந்துகொண்டன. அந்நாளில் பந்தயக் காரில் ஓட்டுநருடன் ஒரு மெக்கானிக்கும் அமர்ந்து செல்வது வழக்கம். எண்ணெய் செலுத்துவதும், பின்னால் நெருங்குபவரைத் திரும்பிப் பார்த்துச் சொல்வதும் அவர் பணி. நம் லாரிக் கிளீனரின் வேலையும் ஏறத்தாழ அதுவேயன்றோ!

மார்மன் நிறுவனத்தின் பொறியியலாளரான ரே ஹாரூன், இந்தத் துணைவர் இல்லாமல், ஒருவர் மட்டுமே அமரக்கூடிய மஞ்சள் நிறக் காரில் வந்தார். ஓர் ஆளின் பாரம் குறைந்தால் வண்டியின் வேகம் கூடும். மற்றப் போட்டியாளர்கள் மறுப்புத் தெரிவித்தனர். பின்னால் யார் வருகிறார் என்பதை அறியாமல் ஓட்டுபவர் எல்லோருக்கும் ஆபத்து என்பது அவர்கள் வாதம். ஹாரூன் தம் முன்னே, நான்கு கால்கள் தாங்கிய சட்டத்தில், 8 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் உள்ள ஒரு கண்ணாடியைப் பொருத்தினார். 1904-ல் ஒரு குதிரை வண்டியில் இத்தகைய கண்ணாடியைக் கண்டதாகவும், அதுவே தமக்கு வழிகாட்டியதென்றும் அவர் பிற்காலத்தில் கூறினார்.

மணிக்குச் சராசரி 74.6 மைல் வேகத்தில் ஓட்டி, ஏறத்தாழ 6 மணி 42 நிமிடத்தில் 500 மைலையும் கடந்து ஹாரூன் வெற்றி பெற்றார். அவருடைய காரோடு அக்கண்ணாடியும் புகழ் பெற்றது. ஆனால் இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான பின்குறிப்பு உண்டு. செங்கல் பாவிய அந்தப் பாதையில் கண்ணாடி ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தமையால், அதில் ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை என்பதை ஹாரூனே பின்னர் ஒப்புக்கொண்டார். கண்ணாடி இருப்பது வேறு, அதில் காண்பது வேறு என்னும் உண்மை முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது.

1921-ல் எல்மர் பெர்கர் என்னும் அமெரிக்கர், கார்களில் பொருத்துவதற்கான கண்ணாடிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதற்கு அவர் சூட்டிய பெயர் "காப் ஸ்பாட்டர்". அதாவது, போலீஸ்காரரைக் கண்டுபிடிப்பது! அளவு மீறிய வேகத்தில் செல்பவர், பின்னால் போலீஸ் வருகிறதா என்று பார்த்துக்கொள்வதற்காக அது விற்கப்பட்டது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். லெவிட் அம்மையாரின் கண்ணாடி ஓட்டுபவரைக் காப்பதற்கு. ஹாரூனின் கண்ணாடி பந்தயத்தில் வெல்வதற்கு. பெர்கரின் கண்ணாடி அபராதத்திலிருந்து தப்புவதற்கு. மூன்றும் வண்டிக்குள் இருப்பவரின் நன்மையையே நாடின. வண்டிக்கு வெளியே இருப்பவரைக் காக்கும் பொருட்டுக் கண்ணாடி வைக்க வேண்டும் என்னும் எண்ணம் சட்டமாக உருப்பெறுவதற்கு இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

இதனிடையே கண்ணாடியின் இயல்பையும் சிறிது அறிந்துகொள்வது நலம். சமதளக் கண்ணாடி, தூரத்தை உள்ளபடி காட்டும். ஆனால் அது காட்டும் பரப்பு குறுகியது. வெளிப்புறம் புடைத்த குவியாடி பரந்த இடத்தைக் காட்டும். ஆனால் உருவத்தைச் சிறிதாக்கிவிடும். சிறிதாகத் தெரிவதைத் தொலைவில் உள்ளதாக எண்ணுவது மனித மனத்தின் பழக்கம். அதனால்தான் அமெரிக்காவில், ஓட்டுநர் அமராத பக்கத்துக் குவியாடியில், பொருள்கள் தோற்றத்தைவிட அருகில் உள்ளன என்று எழுதிவைக்க வேண்டுமென விதி ஏற்பட்டது. நம் நாட்டுக் கார்கள் பலவற்றிலும் அவ்வாசகத்தைக் காணலாம். பரப்பு வேண்டுமானால் தூரத்தின் துல்லியத்தை இழக்க வேண்டும். துல்லியம் வேண்டுமானால் பரப்பை இழக்க வேண்டும். நூறாண்டுக்கு மேலாகப் பொறியியலாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நின்று பேரம் பேசிவருகிறார்கள்.

2012-ல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஆண்ட்ரூ ஹிக்ஸ் உரிமைப் பத்திரம் பெற்ற கண்ணாடி அந்தப் பேரத்தில் ஒரு முன்னேற்றம். ஓட்டுநர் பக்கத்துச் சமதளக் கண்ணாடி 15 முதல் 17 பாகை வரையே காட்ட, இவர் கணக்கிட்டு வளைத்த கண்ணாடி ஏறத்தாழ 45 பாகையை, உருவம் அதிகம் சிதையாமல் காட்டியது. ஆயினும் அப்பக்கத்தில் சமதளக் கண்ணாடியே இருக்க வேண்டும் என்னும் அந்நாட்டு விதி, புதிய கார்களில் அது இடம்பெறத் தடையாயிற்று.

இனி, கண்ணுக்குத் தப்பும் இடத்திற்கு வருவோம். காரின் உள்ளே உள்ள கண்ணாடி நேர் பின்புறத்தைக் காட்டுகிறது. வெளிக்கண்ணாடிகள் பக்கவாட்டின் பின்புறத்தைக் காட்டுகின்றன. ஓட்டுநரின் ஓரக்கண் தமக்கு இணையாக வருவதைக் காண்கிறது. இவற்றுக்கு இடையே, தோளுக்குச் சற்றுப் பின்னால், எதிலும் அகப்படாத ஓர் இடம் எஞ்சுகிறது. ஒரு மோட்டார் சைக்கிள் முழுவதும் அதில் மறைந்துவிடக்கூடும்.

1995-ல் ஜார்ஜ் பிளாட்சர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு கட்டுரையில் இதன் காரணத்தை வடிவக்கணித முறையில் விளக்கினார். பலரும் தம் காரின் பக்கவாட்டையே பார்க்கும்படி வெளிக்கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொள்கின்றனர். அதனால் உட்கண்ணாடி காட்டுவதையே வெளிக்கண்ணாடியும் மறுபடி காட்டுகிறது. காட்ட வேண்டியதைக் காட்டாமல் விடுகிறது. அவர் சொன்ன முறையை நம் நாட்டுக் காருக்கு ஏற்றபடி கூறுகிறேன். வலப்புறச் சன்னலில் தலை படும்படி சாய்ந்துகொண்டு, காரின் பக்கம் ஓரத்தில் மட்டும் தெரியும்வரை வலக்கண்ணாடியை வெளிப்புறம் திருப்ப வேண்டும். பிறகு காரின் நடுப்பகுதிக்குத் தலையைச் சாய்த்து, இடக்கண்ணாடியையும் அவ்வாறே அமைக்க வேண்டும். நேராக அமர்ந்ததும் நம் கார் கண்ணாடியில் தெரியாது. பக்கத்தில் வருபவர் தெரிவார். காசு செலவில்லாத இந்த மாற்றத்தால் மறைவான இடம் பெரிதும் குறைகிறது.

லாரியின் கதை இதனினும் கடுமையானது. ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருப்பதால் வெகுதூரம் தெரிகிறது. ஆனால் முன்பக்கத்தை ஒட்டி நடப்பவரும், மறுபக்கக் கதவின் அடியில் சைக்கிளில் நிற்பவரும் தெரிவதில்லை. லாரி திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்திலேயே செல்வதில்லை. உட்புறமாக வெட்டிச் செல்கின்றன. பச்சை விளக்குக்காக லாரியின் அருகே ஒதுங்கி நின்ற சைக்கிள்காரர் அந்த வளைவில் அகப்படுகிறார். அவர் செய்த தவறு எதுவுமில்லை. ஓட்டுநரும் அறிந்து செய்யவில்லை.

சைக்கிள் மிகுந்த நெதர்லாந்து நாடு இந்த மரணங்களைப் பொறுக்க இயலாமல், 2003 முதல் லாரிகளில் அம்மறைவிடத்தைக் காட்டும் கண்ணாடியையோ கேமராவையோ கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமும், கதவை ஒட்டிய தரையைக் காட்டும் கண்ணாடி, முன்பக்கத்தின் அடியைக் காட்டும் கண்ணாடி ஆகியவற்றை லாரிகளுக்கு வகுக்கும் ஆணையை இயற்றியது. 2007-ல் இயற்றிய மற்றோர் ஆணை பழைய லாரிகளிலும் பரந்த பரப்பைக் காட்டும் கண்ணாடிகளைப் பொருத்தச் செய்தது. ஓட்டுநருக்குப் பயன்படுவதற்கென்று அல்லாமல், சக்கரத்தின் அருகே நிற்கும் எளியவருக்கென்றே இக்கண்ணாடிகள் பிறந்தன.

ஆயினும் நெதர்லாந்தின் அனுபவம் ஒரு படிப்பினையைத் தந்தது. கண்ணாடிகள் வந்த காலத்தில் விபத்துகள் குறைந்தன. சில காலத்தில் மீண்டும் தலைதூக்கின. ஐந்தாறு கண்ணாடிகளை ஒருவர் ஒரே நொடியில் பார்க்க இயலாது. இவ்வுண்மையை உணர்ந்த லண்டன் மாநகரம் வேறொரு வழியில் சென்றது. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில், கண்ணாடியின் உதவியின்றி நேராகச் சன்னல் வழியே ஓட்டுநர் எவ்வளவு காண்கிறார் என்று அளந்து நட்சத்திரம் வழங்கியது. 2021 மார்ச் முதல் தகுதியற்ற லாரிகளுக்கு அபராதம் விதித்தது. 2024 அக்டோபரில் அந்த அளவுகோலை இன்னும் கடுமையாக்கியது. பிரதிபிம்பத்தைவிட நேர்ப்பார்வையே சிறந்தது என்பது இதன் கருத்து.

கண்ணாடியின் இடத்தைக் கேமராவும் பிடித்துவருகிறது. வீட்டு வாசலிலேயே, பின்னோக்கி வரும் காரின் அடியில் குழந்தைகள் சிக்கி இறந்த துயரத்தால், அமெரிக்கா 2008-ல் ஒரு சட்டம் இயற்றியது. 2018 மே முதல் அங்கு விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் பின்பக்கக் கேமரா கட்டாயமாயிற்று. ஜப்பான் 2016-ல், கண்ணாடிக்குப் பதிலாகக் கேமராவே உள்ள கார்களை அனுமதித்தது.

நம் பாரத நாட்டில் என்ன நிலை? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125-ஆம் விதி கண்ணாடியைப் பற்றியது. காரானால் உள்ளேயோ வெளியேயோ, லாரி, பஸ், மோட்டார் சைக்கிளானால் வெளியே, பின்வருவது தெரியும்படி கண்ணாடி வேண்டும் என்றே அவ்விதி எழுதப்பட்டது. ஆகவே இடப்புறக் கண்ணாடி இல்லாத சிறு கார்கள் பல ஆண்டுகள் நம் சாலைகளில் ஓடின. 2009-ல் வெளிவந்த டாட்டா நானோவிலும் தொடக்கத்தில் ஓட்டுநர் பக்கத்தில் மட்டுமே வெளிக்கண்ணாடி இருந்தது.

கண்ணாடி செய்யாத வேலையை இங்கே ஹார்ன் செய்தது. லாரிகளின் முதுகில் "ஹார்ன் ஓகே பிளீஸ்" என்று எழுதியிருப்பதைப் படிக்காதவர் நம்மில் உண்டோ? நான் உன்னைப் பார்க்க மாட்டேன், நீயே உன் வருகையை அறிவித்துக்கொள் என்பதே அதன் உட்பொருள். இரைச்சலைக் குறைக்க எண்ணி மகாராஷ்டிர அரசு 2015-ல் அவ்வாசகத்தைத் தடை செய்தது. ஆனால் ஹார்ன் இல்லாதவர் என் செய்வார்? நடப்பவருக்கும் சைக்கிளில் செல்பவருக்கும் தம்மை அறிவிக்க வழி ஏது?

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறத்தாழ 20 பேர் கால்நடையாகச் சென்றவர்கள். இவையெல்லாம் கண்ணாடியால் தடுக்கக்கூடிய மரணங்கள் என்று கூற முடியாது. ஆனால் எளிதில் பார்வைக்குத் தப்புகிறவர்களே மிகுதியாக மடிகிறார்கள் என்பது கருதத்தக்கது.

ஆதலின் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கார் வைத்திருப்பவர்கள் இன்றே கண்ணாடிகளைச் சரிசெய்து கொள்ளலாம். வரிசை மாறுமுன் ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கலாம். ஸ்கூட்டரின் கண்ணாடியை அழகு கருதிக் கழற்றிவைக்கும் பிள்ளைகளைத் திருத்தலாம். நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் ஒன்றை நினைவில் வைக்கலாம்: லாரியின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் நமக்குத் தெரியவில்லையானால், நம் முகமும் அவருக்குத் தெரியவில்லை.

ஹாரூன் தம் துணைவரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடியை வைத்தார். கண்ணாடிக்குக் கண் உண்டு; வாய் இல்லை. கிளீனரைப்போல் அது தகரத்தைத் தட்டி "நிறுத்து" என்று கூவாது. பார்ப்பவருக்கு மட்டுமே அது காட்டும். அடுத்த முறை சந்தைத் தெருவில் "ஆனே தோ" என்னும் குரல் கேட்கும்போது, வண்டிக்குப் பின்னால் யாரேனும் குழந்தை நிற்கிறதா என்று நாமும் ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்வோம்.