ஓடாத பாட்டின் விலை

பழைய சோல் இசைத்தட்டுகளின் விலையைப் பற்றிப் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் கீறலில்தான் தொடங்கும். தட்டு பளபளப்பாக இருக்கிறதா, லேபிளில் யாராவது பேனாவால் கிறுக்கியிருக்கிறார்களா, ஓரம் நெளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேய்மானத்தை அளப்பதுதான் தரம் பார்ப்பது என்பது பொதுவான எண்ணம். ஆனால் வட இங்கிலாந்தில் ‘நார்தர்ன் சோல்’ என்ற பெயரில் வளர்ந்த வியாபாரத்தின் வரலாறு வேறு ஒன்றைக் காட்டுகிறது. அங்கே விலையைத் தீர்மானித்த முதல் கேள்வி, கையிலிருப்பது அசல்தானா என்பது. கீறல் அதற்குப் பிறகுதான்.

இந்த வியாபாரத்தின் சரக்கே தோல்வியடைந்த சரக்கு. 1960களின் நடுவில் மோட்டவுன் என்ற சோல் இசைத்தட்டுக் கம்பெனி அடைந்த வெற்றியைப் பார்த்து டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் சின்னச் சின்னக் கம்பெனிகள் அதே துள்ளலில் பாட்டுகளை வெளியிட்டன. பெரும்பாலானவை ஓடவில்லை. விற்காத தட்டுகள் லேபிளில் ஓட்டை போடப்பட்டுக் கிடங்குகளுக்கும் கழிவுவிலைக் கடைகளுக்கும் போயின. மான்செஸ்டரின் ‘ட்விஸ்டட் வீல்’ போன்ற நடன விடுதிகளில் இரவெல்லாம் ஆடிய இளைஞர்களுக்கோ அந்த வேகத் தாளம்தான் வேண்டியிருந்தது. 1970 வாக்கில் அமெரிக்க ரசனை ஃபங்க் பக்கம் திரும்பிவிட்ட பிறகும் அவர்கள் மாறவில்லை. அந்த ஆண்டில்தான் எழுத்தாளர் டேவ் காடின் இந்த ரசனைக்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர் சூட்டினார். புதிதாக யாரும் அந்தத் தாளத்தில் பாடாததால், யாரும் கேட்டிராத பழைய பாட்டுதான் அவர்களுக்குப் புதுப்பாட்டு. 1973இல் தொடங்கி 1981 வரை நடந்த விகன் கேசினோ நடன அரங்கிலும் பிளாக்பூல் மெக்கா அரங்கிலும், வேறு யாரிடமும் இல்லாத தட்டை வைத்திருந்த டி.ஜே.க்குத்தான் கூட்டம் சேர்ந்தது. அதைக் காப்பாற்ற லேபிளின் மேல் காகிதம் ஒட்டி, பாட்டுக்கும் பாடகருக்கும் பொய்ப் பெயர் சொல்லி ஒலிக்கவிட்டார்கள். ஜமைக்காவில் நடனக் கூட்டங்களுக்குப் பாட்டுப் போட்ட சவுண்ட் சிஸ்டம்காரர்கள் 1950களிலேயே செய்த தந்திரம்தான் இது. ஆக, இந்தச் சந்தை பிறக்கும்போதே தட்டின் அடையாளம் மறைக்கப்பட்டிருந்தது.

அடையாளத்தை மறைத்த இடத்தில் போலியும் நுழைந்தது. ஆடுகளத்தில் ஒரு பாட்டு எடுபட்டதும், கள்ளப் பிரதிகள் அச்சாகி விற்பனைக்கு வந்துவிடும். அவற்றைப் பிடிக்க வாங்குபவர்கள் லேபிளை விட்டுவிட்டு, அதற்கும் தட்டின் கடைசி ஒலிவரிக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். விளக்கடியில் தட்டைச் சாய்த்தால் அங்கே மேட்ரிக்ஸ் எண் எனப்படும் தயாரிப்பு எண் தெரியும். அசலில் எண்ணோடு ஆலையின் முத்திரை அச்சாகப் பதிந்திருக்க, போலியில் எண் மட்டும் கையால் கீறியிருந்தால் சந்தேகம் வரும். தட்டு எதனால் ஆனது என்பதும் துப்புதான். அமெரிக்க ஆலைகள் பல, நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிறிய தட்டுகளை வினைலுக்குப் பதில் ஸ்டைரீனில் வார்த்தன. அது எடை குறைவு, வளையாது, தட்டினால் கணீரென்று கேட்கும். வினைலில் காகித லேபிள் அழுத்தத்திலேயே தட்டோடு பதிந்துவிடும். ஸ்டைரீனில் பெரும்பாலும் பின்னால் ஒட்டுவார்கள். தேய்ந்த ஊசி ஸ்டைரீன் வரியை வெகு சீக்கிரம் அரித்துவிடும், ஆனால் மேற்பரப்போ கண்ணுக்குப் புதிது போலவே மின்னும். கண்ணால் மட்டும் பார்த்து, ஏறக்குறையப் புதிது என்று பொருள்படும் ‘நியர் மின்ட்’ தரம் போட்டவர்கள் ஏமாந்தது இப்படித்தான்.

தரக் குறியீடுகளுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அவை தபால் வியாபாரத்தின் தேவைக்கு எழுந்தவை. கண்ணால் பார்க்காமல், கடல் தாண்டிப் பணம் அனுப்புகிறவருக்கு ‘மின்ட்’, ‘வி.ஜி. பிளஸ்’ போன்ற சொற்கள் ஓர் ஒப்பந்தம். ‘வெரி குட்’ என்றால் ‘மிக நன்று’ என்று நம்பி வாங்கினால், வருவது இரைச்சலோடு ஓடும் தட்டு. அந்தக் குறியீடுகளில் புகழ்ச்சியெல்லாம் ஒரு படி குறைத்தே படிக்கப்பட வேண்டியது. லட்சக்கணக்கில் விற்ற பீட்டில்ஸ் தட்டுக்கு இந்தப் படிகள்தான் விலையை வைக்கின்றன. சோலில் நிலைமை வேறு. டேரல் பேங்க்ஸின் ‘ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்’ 1966இல் அமெரிக்காவில் நன்றாக ஓடிய பாட்டு. ரெவிலாட் லேபிளில் வந்த அந்த அமெரிக்கத் தட்டு இன்றும் மலிவு. அதே பாட்டு பிரிட்டனில் ‘லண்டன்’ என்ற லேபிளில் வர இருந்தது. உரிமைத் தகராறில் வெளியீடு நின்றுபோக, தப்பிய பிரதி ஒன்று 2014இல் 14,543 பவுண்டுக்குப் போனது. கேட்கும் பாட்டு ஒன்றுதான், வேறுபடுவது லேபிள் மட்டுமே.

அப்படியானால் இது வெறும் பகட்டுதானே என்பது அடுத்த ஆட்சேபம். பகட்டு இல்லை என்று நான் வாதாட மாட்டேன். போலிகளால்தான் பல பாட்டுகள் சாதாரண ஆட்டக்காரனின் கைக்கு வந்தன என்பதும் உண்மை. அசல் விற்றால் கலைஞருக்குப் பணம் போகிறது என்ற பதிலும் செல்லாது. பழைய தட்டு எத்தனை கை மாறினாலும் பாடியவருக்கு ஒரு காசும் இல்லை. பணம் போனது உரிமம் பெற்ற மறுவெளியீடுகளால். அவை வந்தபோது அசலின் விலை இறங்கியிருந்தால், இத்தனை காலமும் விலை கொடுத்தது பாட்டைக் கேட்பதற்குத்தான் என்று ஒப்புக்கொள்ளலாம். ஃபிராங்க் வில்சனின் ‘டூ ஐ லவ் யூ’வை எடுத்துக்கொள்வோம். மோட்டவுன் 1965இல் விளம்பரப் பிரதிகள் மட்டும் அச்சிட்டு, வெளியிடாமலே கைவிட்ட பாட்டு அது. ஆடுகளத்தில் முதலில் வேறொரு பாடகரின் பெயரில்தான் ஒலித்தது. 1979இல் மோட்டவுனின் பிரிட்டிஷ் லேபிளான டாம்லா மோட்டவுன் பிரிட்டனில் அதை முறைப்படி வெளியிட்டதும், யார் வேண்டுமானாலும் சில்லறைக் காசில் வாங்கிக் கேட்கலாம் என்றாயிற்று. முப்பது ஆண்டு கழித்து, 2009இல், 1965ஆம் ஆண்டின் அசல் பிரதி ஒன்று 25,742 பவுண்டுக்கு விற்றது.