கருவியும் கல்வியுரிமையும்

எழுத்தைக் கண்ணாகப் போற்றுவது தமிழர் மரபு. புறக்கண் பார்வையற்ற மாணவர்க்கும் அந்த எழுத்துத் தடையின்றிச் சென்று சேர வேண்டுமன்றோ? இதனை உரிமையாக நிலைநாட்ட அமெரிக்காவில் நிகழ்ந்த போராட்டம் நாம் அறியத்தக்கதாகும்.

1973-ஆம் ஆண்டு அந்நாடு இயற்றிய மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, நடுவணரசின் நிதியுதவி பெறும் எத்திட்டத்திலும் உடற்குறையைக் காட்டி ஒருவரை ஒதுக்கலாகாது என விதித்தது. ஆயினும், அதனைச் செயற்படுத்தும் விதிகள் ஏறக்குறைய நான்காண்டுக் காலம் கையொப்பமின்றிக் கிடந்தன. 1977 ஏப்ரலில் உடற்குறையுற்றோரும் அவர்தம் துணைவருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் சான்பிரான்சிஸ்கோ நகரின் அரசுக் கட்டடத்தினுள் புகுந்து, வாரக்கணக்கில் அங்கேயே தங்கிப் போராடினர். அம்மாதம் 28-ஆம் நாள் விதிகள் கையொப்பமாயின. 1990-இல் எழுந்த மாற்றுத்திறனாளர் சட்டம் இவ்வுரிமையை மேலும் விரிவாக்கிற்று.

பின்னர், நூல் தாளை விட்டு மின்கருவிக்குள் புகுந்தபோது புதியதொரு தடை முளைத்தது. 2009-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட சில கல்விக்கூடங்கள், அமேசான் நிறுவனத்தின் கிண்டில் டிஎக்ஸ் என்னும் கருவியைப் பாடநூலுக்கு மாற்றாகச் சோதித்துப் பார்க்க முன்வந்தன. அக்கருவி நூலை உரக்கப் படிக்க வல்லது. ஆனால், நூலைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்குக் குரல் இல்லை. பார்வையுள்ள ஒருவர் திறந்து கொடுத்தாலன்றிப் பார்வையற்ற மாணவர் தாமே ஒரு நூலையும் எடுத்துக் கேட்க இயலாது.

அவ்வாண்டு ஜூன் திங்களில் பார்வையற்றோர் அமைப்புகள் இரண்டும் ஒரு மாணவரும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 2010 ஜனவரியில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. அதே திங்களில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ், பேஸ், ரீட் ஆகிய கல்விக்கூடங்கள், பார்வையற்றோரும் முழுமையாகப் பயன்படுத்தும் நிலை வரும்வரை அக்கருவியை வாங்கவோ பரிந்துரைக்கவோ மாட்டோம் என நீதித்துறைக்கு உறுதியளித்தன. ஜூன் 29-ஆம் நாள் நீதித்துறையும் கல்வித்துறையும் கூட்டாகக் கல்லூரித் தலைவர்களுக்கு மடல் விடுத்தன. பார்வையற்றோர் பயன்படுத்த இயலாத கருவியை வகுப்பில் கட்டாயமாக்கி, அதற்கு ஈடான வழியையும் அமைத்துத் தராமை சட்டம் விலக்கிய பாகுபாடே என அம்மடல் தெளிவுறுத்திற்று.

அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த அடுத்த கிண்டிலில் பட்டியலும் பேசிற்று! அறிவியலால் ஆகாத செயலன்று அது. கேட்பாரின்றிக் கிடந்த செயலே. ஆதலின், ஒரு கருவி எத்துணைப் புதியது என்பதற்கு முன்னர், அதனை எல்லா மாணவரும் தாமே இயக்க இயலுமா என்று வினவுதலே கல்விக்கூடங்களின் முதற்கடமையாகும்.