காக்கிச் சேலையும் காற்சட்டையும்: 1940களின் பெண் படையினரைப் படங்களில் அடையாளம் காணல்

2021 மே 8 அன்று பெங்களூரு இராணுவக் காவல்படைப் பயிற்சி மையத்தில் 83 பெண்கள் 61 வாரப் பயிற்சியை நிறைவு செய்து அணிவகுத்தனர். அலுவலர் நிலைக்குக் கீழே, சிப்பாய் நிலையில், சுதந்திர இந்தியத் தரைப்படை சேர்த்துக்கொண்ட முதல் பெண்கள் இவர்களே. செய்தித் தலைப்புகளில் ‘சுதந்திர இந்தியா’ என்ற அடைமொழி பெரும்பாலும் உதிர்ந்து, ‘முதல் பெண் சிப்பாய்கள்’ என்பது மட்டும் நின்றது. அந்த ஒரு சொல் உதிர்ந்ததில் 1940களின் ஆயிரக்கணக்கான பெண்கள் மறைந்துபோகின்றனர். அவர்களது படங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் அவர்கள் அணிந்திருப்பதைச் சரியாக வாசிப்பவர்கள்தாம் குறைவு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியப் பெண்கள் எதிரெதிரான இரு அணிகளில் சீருடை அணிந்தனர். 1942இல் பிரித்தானிய இந்திய அரசு ‘மகளிர் துணைப் படை (இந்தியா)’ என்ற அமைப்பைத் தொடங்கியது. எழுத்தர் பணி, தொலைபேசி இணைப்பகம், சங்கேதக் குறியீடு, வாகனம் ஓட்டுதல் ஆகிய பணிகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தனர். இந்தியரோடு ஆங்கிலோ இந்தியரும் ஐரோப்பியரும் அதில் சேர்ந்தனர். அதன் கடற்படைப் பிரிவு 1944இல் தனிப் பெயர் பெற்றது. மறு அணியில், 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படைப்பிரிவு உருவானது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் காக்கியும் பச்சையும் நீலமும் சாம்பல் நிறமாகவே தெரியும். ஆகவே நிறத்தை நம்பி அடையாளம் காண இயலாது. முதலில் பார்க்க வேண்டியது இடுப்புக்குக் கீழுள்ள உடை. துணைப் படையில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்கள் ஸ்கர்ட் அணிந்தனர். இந்தியப் பெண்கள் காக்கிச் சேலை அணிய இடமிருந்தது. கடற்படைப் பிரிவிலும் சேலை ஏற்கப்பட்டது. 1945 ஜூனில் ஸ்காட்லாந்தின் ரோசைத் துறைமுகத்தில் எடுக்கப்பட்ட படமொன்றில் அப்பிரிவின் துணை இயக்குநர் மார்கரெட் கூப்பரும் அலுவலர் கல்யாணி சென்னும் அருகருகே நிற்கின்றனர். ஒருவர் பிரித்தானிய மேலங்கியில், மற்றவர் சேலையில். படையின் பெயரை அறியாதவர் கல்யாணி சென்னை விருந்தினர் என்றே எண்ணக்கூடும். சேலை கட்டிய பெண்ணின் தோளில் பெயரெழுத்தோ பதவிக் குறியோ இருக்கிறதா என்று பார்ப்பதே இங்கு இரண்டாம் படி.

மூன்றாம் படி பொத்தான். அதன் முக்கியத்துவத்தை அமெரிக்க எடுத்துக்காட்டு தெளிவாக்கும். 1942 மே மாதம் அங்கே தொடங்கப்பட்ட பெண்கள் அமைப்பின் பெயரிலும் ‘துணை’ என்ற சொல் இருந்தது. அது இராணுவத்தோடு இணைந்து இயங்கியது; சட்டப்படி இராணுவத்தின் பகுதி அன்று. அப்பெண்களுக்கு ஆண்களின் தேசியச் சின்னப் பொத்தான் தரப்படவில்லை. தனியாக வடிவமைத்த கழுகுப் பொத்தானே தரப்பட்டது. 1943இல் சட்டம் மாறி, பெயரிலிருந்து ‘துணை’ நீங்கியதும் பொத்தானும் மாறியது. சட்டை மடிப்பில் இருந்த கிரேக்கத் தெய்வம் அதீனாவின் தலைச் சின்னம் மட்டும் தொடர்ந்தது. ஆகவே தேசியச் சின்னப் பொத்தான் உள்ள மேலங்கி அந்த மாற்றத்துக்கு முன்னர் அந்நிலையில் இருந்திருக்க முடியாது. கழுகுப் பொத்தானோ பழைய இருப்பிலிருந்தும் வந்திருக்கலாம் என்பதால், அதை மட்டும் கொண்டு காலத்தை முடிவு செய்யலாகாது.

இந்த எடுத்துக்காட்டு பெங்களூருக்கு அந்நியமானதன்று. 1940இல் இங்கு நிறுவப்பட்ட இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1943 முதல் அமெரிக்க வான்படையின் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெருநிலையமாக இயங்கியது. அதனால் இவ்வூர்ப் பழைய படங்களில் அமெரிக்கச் சீருடைகளும் தென்படலாம். சீனா, பர்மா, இந்தியா போர்க்களத்துக்குரிய கேடய வடிவத் தோள் சின்னம் அவற்றைப் பிரித்தறிய உதவும்.

ஜான்சி ராணிப் படைப்பிரிவின் உடை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. சென்னையில் மருத்துவம் பயின்று 1940இல் சிங்கப்பூர் சென்ற லட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் 1943 அக்டோபரில் பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணையே பார்த்திராதவர்களும் அவர்களுள் இருந்தனர். படங்களில் அவர்கள் காற்சட்டையும் சட்டையும் மடிப்புத் தொப்பியும் அணிந்து, துப்பாக்கியோடு நிற்கின்றனர். பால்வெட்டுக் கத்தி பிடித்த கைக்குத் துப்பாக்கி வந்தபோது சேலையும் விலகியது. அவர்களது அமைப்பின் பெயரில் ‘துணை’ இல்லை. அது படைப்பிரிவு என்றே அழைக்கப்பட்டது.

இங்கே சொல்லும் உடையும் ஒரே செய்தியைத் தருகின்றன. ‘துணை’ என்று பெயரிட்ட அரசு, பெண்ணின் உடையையும் ஆணின் உடையிலிருந்து பிரித்தே வைத்தது. போர்முனைக்கென்று அழைத்த இயக்கம் அவளுக்குக் காற்சட்டையைத் தந்தது. ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் ‘ஒரே வடிவம்’. தமிழ்ச் சொல்லான சீருடை ‘ஒழுங்குற்ற உடை’ என்று பொருள்படும். 1940களின் துணைப் படைப் பெண்ணுக்கு ஒழுங்கு இருந்தது, ஆணோடு ஒரே வடிவம் இல்லை. 2021இல் பெங்களூரு திடலில் அணிவகுத்த பெண்கள் பெற்றது அந்த ஒரே வடிவத்தை. அவர்களுடைய ‘முதல்’ உண்மையானதே. ஆனால் அது எதில் முதல் என்பதைத் துல்லியமாகச் சொல்வது முன்னோருக்குச் செய்யும் நீதி.

பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதி வீடுகளிலும், மலேசியத் தமிழர் இல்லங்களிலும் பழைய ஆல்பங்கள் இருக்கக்கூடும். வெள்ளை முக்காடு அணிந்த பெண், 1926இல் நிலையான அமைப்பான இராணுவச் செவிலியர் பணியைச் சேர்ந்தவராக இருக்கலாம். சேலையும் தோள் குறியும் கொண்டவரை அவ்வாறே செவிலியர் என்று முடிவு கட்டினால், ஒரு துணைப் படைப் பெண்ணின் பணி வரலாற்றிலிருந்து அழிகிறது. படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ இருந்தால் அதையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். பாட்டியின் பெயரைச் சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே அந்தப் பதிவு நிகழ வேண்டும்.