மிச்சிகன் ஏரியும் சின்னப் படகும்

ஏரி என்ற சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி சுமார் 58,000 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டது. நடுவில் நின்று பார்த்தால் எந்தப் பக்கமும் கரை தெரியாது. தண்ணீர் உப்புக் கரிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்! இன்னும் சொல்லப்போனால் ஒரு விஷயத்தில் இது கடலைவிட மோசம். அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். சின்னப் படகு திணறிப்போகும்.

அப்படிப்பட்ட ஏரியில் இன்று குடும்பத்தோடு சிறு படகில் நாலைந்து நாள் உல்லாசமாகப் போய் வருகிறார்கள். இது எப்படி சாத்தியமானது? அந்தக் கதையில் பாதி, ஏரிக்கரையில் இருக்கும் மில்வாக்கி என்ற ஊரில் நடந்தது.

முதலில் ஒரு துயரம். 1860 செப்டம்பரில் மில்வாக்கி மக்கள் 'லேடி எல்ஜின்' என்ற நீராவிக் கப்பலில் சிகாகோவுக்குச் சுற்றுலா போனார்கள். இரவில் திரும்பும்போது புயல் காற்று. பாய்மரக் கப்பல் ஒன்று வந்து மோதியது. சுமார் 300 பேர் இறந்தார்கள்.

அதே ஊரில் இன்க்ரீஸ் லாபம் என்றொரு அறிஞர் இருந்தார். (பெயர் அப்படித்தான்! வணிகவியல் மாணவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும் பெயர்.) அவர் செய்ததும் ஒரு கணக்குப்பிள்ளை வேலைதான். பெரிய ஏரிகளில் நடந்த கப்பல் விபத்துகளை எல்லாம் பட்டியல் போட்டார். 1869-ல் மட்டும் 1,914 விபத்துகள், 209 உயிர்கள். புயல் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. தந்தியோ புயலைவிட வேகமாகப் போகும். அப்படியானால் முன்பே எச்சரிக்கலாமே என்பது அவர் வாதம். பட்டியல் நாடாளுமன்றம் வரை போனது. 1870 பிப்ரவரியில் சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று ஏரிகளுக்கான முதல் புயல் எச்சரிக்கையை எழுதியவரும் லாபம்தான்.

அடுத்து மோட்டார். அதே மில்வாக்கியில் ஓல் எவின்ரூட், படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு துடுப்புப் போட்டு வந்தபோது அது உருகிவிட்டதாம், அதனால் வந்த யோசனையாம். கதை உண்மையோ இல்லையோ, அந்தக் காதலி பெஸ் பிறகு அவர் மனைவியாகி வியாபாரத்தையே நடத்தினார். 1.5 குதிரைத்திறன் மோட்டார்தான். ஆனால் இனி பெரிய கப்பலில் டிக்கெட் வாங்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் தன் குடும்பத்தைத் தானே ஏரிக்குள் கூட்டிக்கொண்டு போகலாம்.

எச்சரிக்கையும் இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது. பிறகென்ன?

1913 நவம்பரில் பதில் கிடைத்தது. புயல் வருகிறது என்று துறைமுகங்களில் கொடி ஏற்றியிருந்தார்கள். பருவம் முடிவதற்குள் இன்னொரு நடை சரக்கு ஏற்றிவிட்டால் லாபம் என்று பல கேப்டன்கள் கிளம்பினார்கள். 12 கப்பல்கள் மூழ்கின, 250-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். செய்தி கிடைக்காமல் அல்ல, காத்திருக்க மனமில்லாமல் நடந்தது இது. குடும்பப் படகுக்குச் சரக்கு நெருக்கடி இல்லை. ஆனால் திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறதே! அதுவும் அதே நெருக்கடிதான். ஆகவே பயணத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது சும்மா கரையில் இருக்கப்போகும் ஒன்றிரண்டு நாட்களைத்தான்.

அப்படிக் காத்திருக்க இடம் வேண்டும். மிச்சிகன் மாநிலம் 1947-ல் இதற்கென்று ஓர் ஆணையம் அமைத்தது. கரையோரம் போகும் எந்தப் படகும் அடைக்கலத் துறைமுகத்திலிருந்து 15 மைலுக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்பது கொள்கை. அதாவது சுமார் 30 மைலுக்கு ஒரு துறைமுகம். நாளொன்றுக்கு ஒரு துறைமுகம் தாண்டினால் போதும் என்று திட்டமிடும் குடும்பம் நிம்மதியாகத் தூங்கும். நடு ஏரியைக் குறுக்கே கடக்கும் ஆசை வேறு கதை.

காற்று ஓய்ந்துவிட்டது என்று நம்பவும் முடியாது. 1954 ஜூன் 26 அன்று ஒரு சூறைக்காற்று ஏரியைக் கடந்து போனது. அது தள்ளிக்கொண்டு போன தண்ணீர் எதிர்க்கரையில் மோதி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து சிகாகோவுக்குத் திரும்பி வந்தது. அலையின் உயரம் சுமார் 3 மீட்டர். கரையோரத்தில் இருந்த 8 பேரை அடித்துக்கொண்டு போனது. வானம் அப்போது அமைதியாக இருந்தது.

லைஃப் ஜாக்கெட் விஷயம் சின்னது, ஆனால் அதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்று 2002-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதி போட்டது (மாநிலத்துக்குத் தனி விதி இருந்தால் அது பொருந்தும்). அப்பா அம்மாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அதைப் போடாதவர்கள் என்று அதே காவல்படையின் கணக்கு சொல்கிறது. பெரும்பாலும் அது படகிலேயே இருந்திருக்கும், இருக்கைக்கு அடியில்.