உருவப்படக் கூடத்திலிருந்து வெள்ளித்திரைக்கு: ரகுபதி வெங்கையா

ரகுபதி வெங்கையா நாயுடு, மௌனப்படக் காலத்தில் தென்னிந்தியத் திரைத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். மசூலிப்பட்டினத்தைச் சேர்ந்த இவர், சென்னை மவுண்ட் ரோட்டில் உருவப்படங்கள் எடுக்கும் புகைப்படக் கூடம் நடத்தி வந்தார். அத்தொழிலில் பெற்ற பயிற்சியே அவரைத் திரையரங்கு உரிமையாளராகவும் படத் தயாரிப்பாளராகவும் வளர்த்தது.

உருவப்படத் தொழில்

அக்காலத்தில் உருவப்படம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் வசதி படைத்தோருக்கே இயன்றது. கண்ணாடித் தகட்டில் படம் பதிவாகும் வரை அமர்ந்திருப்பவர் அசையக் கூடாது. மின்விளக்கு பரவாத காலம் ஆதலால் கூடத்துக்குள் சூரிய ஒளியை அளவாக வரவிட்டுப் படம் எடுத்தனர். ஒளியை ஆளத் தெரிந்தவரே நல்ல புகைப்படக்காரர் எனப் பெயர் பெற்றார்.

அசையும் படம்

1905இல் ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கினார். சில ஆண்டுகளில் வெங்கையாவும் 'குரோனோமெகாபோன்' என்னும் கருவியை வாங்கினார். இது படம் ஓடும்போதே இசைத்தட்டையும் சுழலவிட்டு, அழுத்தப்பட்ட காற்றின் துணையால் ஒலியைப் பெருக்குவது. பேசும் படம் வருவதற்கு முன்பே சென்னை மக்களுக்கு ஒலியுடன் குறும்படங்களைக் காட்டிய வெங்கையா, கூடாரத்துடன் ஆந்திரப் பகுதிகளுக்கும் இலங்கை, பர்மாவுக்கும் சென்றார்.

திரையரங்குகள்

1914இல் மவுண்ட் ரோட்டுக்கு அருகே 'கெயிட்டி' திரையரங்கைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் திரையரங்கு இதுவே. முதல் உலகப் போர் மூண்ட ஆண்டும் அதுதான். செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' கப்பல் குண்டு வீசித் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது.

பின்னர் வடசென்னையின் தங்கசாலைத் தெருவில் 'கிரவுன்', புரசைவாக்கத்தில் 'குளோப்' ஆகிய அரங்குகளை அமைத்தார். குளோப் பிற்காலத்தில் 'ராக்சி' ஆயிற்று. ஐரோப்பியர் நடமாட்டம் மிகுந்த மவுண்ட் ரோட்டை விட்டு, துறைமுகத்துக்கும் இராயபுரத்துக்கும் அணித்தான ஜார்ஜ் டவுனுக்கும் திரையரங்கு வந்தது முக்கியமான மாற்றமாகும். உருவப்படக் கூடத்துக்குள் நுழைய இயலாத எளியவரும் சிறு கட்டணத்தில் படம் பார்க்கலாம். மௌனப்படத்தின் எழுத்துகளை உரக்கப் படித்துக் கதை சொல்ல ஆள் இருந்ததால் எழுத்தறியாமையும் தடையாகவில்லை.

படத் தயாரிப்பு

இங்கிலாந்தில் திரைத்தொழில் பயின்று வந்த மகன் பிரகாஷுடன் சேர்ந்து 'ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட்' நிறுவனத்தை வெங்கையா தொடங்கினார். பிரகாஷ் இயக்கிய 'பீஷ்ம பிரதிக்ஞை' 1921இல் வெளிவந்தது. இவர்கள் படம் எடுத்தது கண்ணாடிக் கூரையிட்ட கூடத்தில். சூரிய ஒளியை நம்பிய பழைய உருவப்பட முறை இங்கும் கைகொடுத்தது. முன்பு அசையாதிருக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள், இப்போது நடிகரை அசையச் சொன்னார்கள்.

எஞ்சியவை

வெங்கையா 1941இல் மறைந்தார். தென்னிந்திய மௌனப்படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. கெயிட்டியும் ராக்சியும் இன்று இல்லை. தெலுங்குத் திரையுலகின் தந்தை எனப் போற்றப்படும் அவர் பெயரில் ஆந்திர அரசு 1980இல் விருது ஒன்றை நிறுவியது. அவர் தொழில் செய்து வாழ்ந்த சென்னையிலோ அவர் பெயரை அறிந்தவர் சிலரே. பிறர் முகங்களைக் காலத்துக்கும் நிலைக்கச் செய்வதைத் தொழிலாகக் கொண்டவரின் நினைவை இந்நகரமும் காப்பது கடமையாகும்.